விழி நிற்க, கவனம் நகர: முன்மூளை பார்வையை மாற்றுவதை ஒரு மடிக்கணினியில் அளப்பது எப்படி

விழியை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டே ஓரத்தில் நிற்பவரைக் கவனிக்க எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தில் விழித்திரையில் விழும் பிம்பம் மாறுவதில்லை. ஆனாலும் கவனம் போன பக்கம் தெளிவாகத் தெரிகிறது, மறுபக்கம் மங்குகிறது. கண்ணுக்குள் எதுவும் மாறாதபோது வரும் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலிலிருந்து பார்வைப் பகுதிகளுக்குப் போகும் கட்டளைகளின் விளைவு. அதை அளக்க ஒரு மடிக்கணினி, ஒரு கைபேசி, அளவுநாடா, ஆளுக்கு முக்கால் மணி நேரம் போதும். உளவியல், நரம்பறிவியல் மாணவர்களும் அவர்களுக்கு ஆய்வுக்கூட வகுப்பு எடுப்பவர்களும் அப்படியே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனையின் செய்முறை இது.

எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம்

முன்மடலின் பின்பகுதியில், மேல் முன்மடல் பள்ளம் மையப் பள்ளத்துக்கு முன்னால் ஓடும் பள்ளத்தைச் சந்திக்கும் இடத்தருகே, ஃப்ரான்டல் ஐ ஃபீல்டு என்ற பகுதி இருக்கிறது. சுருக்கமாக எஃப்.இ.எஃப். 1870களில் டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மடலில் மின்தூண்டல் கொடுத்தபோது கண்ணும் தலையும் எதிர்ப்பக்கம் திரும்பின. அதனால் வெகுகாலம் இதைக் கண்ணைத் திருப்பும் பகுதி என்று மட்டுமே எண்ணினார்கள்.

2003இல் டிரின் மூரும் கேத்தரின் ஆம்ஸ்ட்ராங்கும் அந்த எண்ணத்தை விரிவாக்கினார்கள். கண்ணைத் திருப்பப் போதாத அளவுக்குக் குறைந்த மின்சாரத்தைக் குரங்கின் எஃப்.இ.எஃப்.பில் செலுத்தினார்கள். கண் அசையவில்லை. ஆனால் காட்சியை ஆராயும் பார்வைப் புறணியின் வி4 என்ற பகுதியில், எஃப்.இ.எஃப்.பின் அந்தப் புள்ளி குறிக்கும் அதே இடத்தைப் பார்க்கும் நியூரான்கள் படத்துக்குக் கூடுதலாகத் துடித்தன. பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு படம் இருந்தபோது விளைவு இன்னும் வலுத்தது. 2006இல் கிறிஸ்டியன் ரஃப் குழுவினர் மனிதர்களின் எஃப்.இ.எஃப்.பைத் தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால், அதாவது டி.எம்.எஸ். முறையில், தூண்டினார்கள். பார்வைப் புறணியின் செயல்பாடு மாறியது. ஓரத்தில் இருந்த கோட்டுப்படத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிர்-கருமை வேறுபாடு, மையத்தில் இருந்ததோடு ஒப்பிட, கூடியதாகப் பங்கேற்றவர்களுக்குத் தெரிந்தது.

நம் மடிக்கணினி மூளையைத் தொடப்போவதில்லை. இந்தக் கட்டளையின் விளைவை, பார்ப்பவரின் பதில்கள் வழியாக அளக்கப்போகிறது.

விரல் வேகத்தை அளக்காதீர்கள்

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகச் செய்வது மைக்கேல் போஸ்னரின் சோதனை. அம்புக்குறி ஒரு பக்கத்தைக் காட்டும், பிறகு ஒரு புள்ளி தோன்றும், கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். சரியான பக்கத்தில் தோன்றினால் சில பத்து மில்லிநொடி சீக்கிரம் அழுத்துவார்கள். சோதனை எளிது, விளைவும் கிட்டத்தட்ட எப்போதும் கிடைக்கும். ஆனால் அதில் வேகமானது பார்வையா, முடிவெடுப்பதா, விரலா என்று பிரிக்க முடியாது. முன்மடல் இந்த மூன்றிலும் கைவைக்கும் என்பதுதான் சிக்கல். பார்வையைப் பற்றிப் பேசவேண்டுமானால், மிகக் குறைந்த நேரம் மங்கலாகக் காட்டி, என்ன தெரிந்தது என்று அவசரப்படுத்தாமல் கேட்டு, சரியான பதில்களை எண்ணுங்கள். மரிசா கராஸ்கோ போன்றவர்களின் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

திரையைத் தயார்செய்தல்

சைக்கோபை என்ற இலவச மென்பொருள் போதும். உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் 57 செ.மீ. தூரம் வையுங்கள். இந்தத் தூரத்தில் திரையின் 1 செ.மீ. என்பது பார்வைக் கோணத்தில் ஏறக்குறைய 1 டிகிரி. மென்பொருளின் மானிட்டர் சென்டரில் திரையின் அகலம், பிக்சல் எண்ணிக்கை, தூரம் மூன்றையும் பதியுங்கள். 15.6 அங்குல மடிக்கணினியின் திரை அகலம் சுமார் 34.5 செ.மீ., குறுக்கே 1920 பிக்சல் என்றால் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 56 பிக்சல்.

பதிந்த எண்ணை நம்பி நகர்ந்துவிடாதீர்கள். மையத்திலிருந்து இருபுறமும் 7 டிகிரியில் ஒவ்வொரு புள்ளியை வரையவைத்து, ஸ்கேலை வைத்து அளங்கள். இடைவெளி 14 செ.மீ. வரவேண்டும். விண்டோஸில் திரை உருப்பெருக்கம் 125 அல்லது 150 சதவீதத்தில் இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். 100க்கு மாற்றுங்கள். தானியங்கிப் பிரகாசம், இரவு ஒளி, மின்சேமிப்பு ஆகியவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முகவாயைத் தாங்க ஏதாவது வேண்டும். விலைக்கு வாங்க முடியாவிட்டால் அட்டை போட்ட தடித்த புத்தகங்களை அடுக்கினாலே போதும். தாங்கல் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உட்காருபவர் முன்னால் சாய்ந்துவிடுவார். 45 செ.மீ.க்கு வந்துவிட்டால் 7 டிகிரியில் இருக்கவேண்டிய படம் 9 டிகிரிக்குப் போய்விடும், எல்லாமே கடினமாகும்.

ஒரு ட்ரையலின் (ஒருமுறை காட்டிக் கேட்பதன்) அமைப்பு

பின்னணி நடுச் சாம்பல். சைக்கோபையின் நிறக் கணக்கில் அது 0. திரையின் நடுவில் சிறிய கூட்டல் குறி, அதுதான் நிலைப்புள்ளி. அது 500 முதல் 1000 மில்லிநொடி வரை, ஒவ்வொரு முறையும் வேறு கால அளவில் நிற்கட்டும். எப்போதும் ஒரே அளவு வைத்தால் தாளம் பிடித்துவிடுவார்கள்.

அடுத்து சைகை. கூட்டல் குறியே 100 மில்லிநொடிக்கு நிறம் மாறுகிறது: நீலம் என்றால் இடம், மஞ்சள் என்றால் வலம், வெள்ளை என்றால் இரண்டில் எதுவும். பாதிப் பேருக்கு நீலத்தையும் மஞ்சளையும் மாற்றிக் கொடுங்கள். அம்புக்குறி வேண்டாம். பயனில்லை என்று தெரிந்தபின்னும் அம்பு கவனத்தைத் தானாக இழுக்கும். நிறத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. விதியை நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதைப் பொருள்படுத்திக் கவனத்தை அனுப்ப வேண்டும். முன்மடலுக்கு வேலை கொடுக்க விரும்பினால் இப்படித்தான் கொடுக்கவேண்டும். சிவப்பு, பச்சை தவிர்த்ததற்குக் காரணம் நிறக்குருடு.

சைகை மறைந்து 300 மில்லிநொடி வெற்றுத் திரை. சைகை தொடங்கி இலக்கு, அதாவது பதில் சொல்லவேண்டிய படம், வரும்வரை மொத்தம் 400 ஆகிறது. விருப்பத்தோடு அனுப்பும் கவனம் போய்ச்சேர ஏறக்குறைய 300 மில்லிநொடி எடுக்கும் என்பதால் இந்த அளவு.

பிறகு இருபுறமும் ஒரே நேரத்தில், 7 டிகிரி தள்ளி, ஒவ்வொரு கேபர் படம். ஓரம் கரைந்துபோகும் சாய்வுக் கோடுகள்தான் கேபர். சைக்கோபையில் கிரேட்டிங் என்பதை எடுத்து, வடிவத்தைச் சைன் என்றும், முகமூடியைக் காஸ் என்றும் வைத்தால் வரும். அளவு 3 டிகிரி, ஒரு டிகிரிக்கு 2 கோட்டுச் சுழற்சி, செங்குத்திலிருந்து இடப்புறமோ வலப்புறமோ 20 டிகிரி சாய்வு. இரண்டு படங்களின் சாய்வும் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக அமையவேண்டும். காட்டும் நேரம் 50 மில்லிநொடி. 60 ஹெர்ட்ஸ் திரையில் அது சரியாக 3 பிரேம்; திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவது ஒரு பிரேம். நேரத்தை நொடியில் எழுதாமல் பிரேமில் எழுதுங்கள்.

150 மில்லிநொடி கழித்து நடுவில் சிறு கோடு தோன்றி, எந்தப் பக்கத்துப் படத்தைப் பற்றிப் பதில் வேண்டும் என்று காட்டும். இந்தக் கோடு இல்லாமல் ஒரே படத்தை மட்டும் காட்டினால், எதிர்பாராத பக்கத்தில் வரும்போது எங்கே வந்தது என்றே தெரியாமல் ஊகிப்பார்கள். அந்தக் குழப்பம் பார்வைக் குறைவுபோல எண்ணில் வந்து உட்காரும். பதிலுக்கு நேர வரம்பு வேண்டாம்.

பதில் பொத்தான்கள் மேல் அம்பும் கீழ் அம்பும்: இடச்சாய்வுக்கு மேல், வலச்சாய்வுக்குக் கீழ். இட, வல அம்புகளை வைத்தால் இடப்பக்கச் சைகை இடது விரலை முன்கூட்டியே தூண்டிவிடும்.

எத்தனை ட்ரையல்? ஒரு பிளாக்குக்கு, அதாவது இடைவேளை இல்லாமல் தொடர்ந்து நடத்தும் ஒரு தொகுதிக்கு, 80: சைகையும் கேள்வியும் பொருந்துபவை 48, பொருந்தாதவை 12, வெள்ளைச் சைகை 20. நிறச் சைகை 80 சதவீதம் சரி. கேட்கப்படும் பக்கம் இரண்டு, சாய்வு இரண்டு என்று நான்கு சேர்க்கைகளும் எல்லா வகையிலும் சமமாகப் பிரியும். ஐந்து பிளாக், 400 ட்ரையல். ட்ரையலுக்கு 3 நொடி என்றால் 20 நிமிடம், இடைவேளையோடு அரைமணி.

மங்கல் அளவை ஆளுக்கு ஏற்ப அமைத்தல்

எல்லோருக்கும் ஒரே கான்ட்ராஸ்ட் வைத்தால் சிலருக்கு எல்லாமே தெரியும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இரண்டிலும் சைகை எதையும் மாற்ற இடமில்லை. முதலில் அதிகக் கான்ட்ராஸ்ட்டில் 40 ட்ரையல் பழக்குங்கள். பிறகு வெள்ளைச் சைகை மட்டும் வைத்து 60 முதல் 80 ட்ரையல் படிக்கட்டு முறை: தொடர்ந்து மூன்று சரி என்றால் ஒரு படி மங்கல், ஒரு தவறு என்றால் ஒரு படி தெளிவு. இது 79 சதவீதச் சரியில் போய் நிற்கும். மங்கலிலிருந்து தெளிவுக்கோ தெளிவிலிருந்து மங்கலுக்கோ திசை மாறும் கடைசி ஆறு திருப்பங்களின் கான்ட்ராஸ்ட் சராசரியை எடுத்து, சோதனை முழுவதும் அதே கான்ட்ராஸ்ட்டில் வையுங்கள்.

விடை 4 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. சாதாரணத் திரையில் 256 சாம்பல் படிகள்தான் உண்டு. 2 சதவீதக் கான்ட்ராஸ்ட் என்றால் நடுச் சாம்பலுக்கு மேலும் கீழும் இரண்டு மூன்று படிகளே இருக்கும், கேபர் மென்மையான அலையாக இல்லாமல் வெட்டுப்பட்ட பட்டையாகத் தெரியும். படத்தை 9 டிகிரிக்குத் தள்ளினாலோ 2 பிரேமாகக் குறைத்தாலோ தேவையான கான்ட்ராஸ்ட் மேலே வந்துவிடும். ஒளிமானி இல்லாமல் திரையைத் துல்லியமாகச் சீர்செய்ய முடியாது. ஆனால் ஒரே படத்தை வெவ்வேறு சைகையோடு ஒப்பிடுவதால் முடிவு கெடாது. 'இத்தனை சதவீதக் கான்ட்ராஸ்ட்' என்று மட்டும் அறிக்கையில் பெருமையாக எழுதாதீர்கள்.

கண்ணைக் கண்காணித்தல்

இந்தச் சோதனையின் உயிர்நாடி இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதுதான். கண் ஓரிடத்துக்குத் தாவ முடிவெடுத்துக் கிளம்ப ஏறத்தாழ 200 மில்லிநொடி போதும். சைகைக்கும் இலக்குக்கும் நடுவே நாம் கொடுப்பதோ 400. உட்காருபவர் நீலத்தைக் கண்டதும் இடப்பக்கம் பார்த்துவிட்டால் படம் நேராக விழித்திரையின் நடுக்குழியில் விழும், விடை அட்டகாசமாக வரும், முன்மடலின் செல்வாக்கு பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

விலையுயர்ந்த கண்தொடர் கருவி இல்லாவிட்டால் கைபேசியைத் திரைக்குக் கீழே நிறுத்தி, கண்களை நெருக்கமாக, நொடிக்கு 120 அல்லது 240 பிரேமில் படமெடுங்கள். விழியின் ஆரம் சுமார் 12 மி.மீ.; 7 டிகிரி திரும்பினால் கருவிழி ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. நகரும், வீடியோவில் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு ட்ரையல் தொடக்கத்திலும் கணினி ஒரு 'பீப்' ஒலி எழுப்பட்டும்; வீடியோவில் ட்ரையலைக் கண்டுபிடிக்க அது உதவும். சைகைக்கும் இலக்கு மறைவதற்கும் இடையே கண் தாவிய, இமைத்த ட்ரையல்களை நீக்குங்கள். நீக்குபவருக்கு அந்த ட்ரையலின் சைகை என்ன, பதில் சரியா என்று தெரியக்கூடாது. நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் நீக்கவேண்டி வந்தால் உட்காருபவரை மீண்டும் பழக்குங்கள்.

ஒரு டிகிரிக்கும் குறைவான நுண்தாவல்கள் இந்த வீடியோவில் பிடிபடாது. அவை சைகை காட்டிய பக்கமாகச் சாய்வது தெரிந்த விஷயம். 7 டிகிரி தள்ளி இருக்கும் படத்தை அவை பெரிதாகத் தெளிவாக்கிவிடாது என்றாலும், அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அதே கைபேசியைத் திரையை நோக்கித் திருப்பி இன்னொரு வேலையும் வாங்கலாம். 240 பிரேமில் எடுத்தால் 50 மில்லிநொடி படம் 12 பிரேமுக்குத் தெரியவேண்டும். 16 வந்தால் உங்கள் கணினி ஒரு பிரேமைத் தவறவிட்டிருக்கிறது. பின்னணியில் ஓடும் உலாவி, வைரஸ் தடுப்பு, புதுப்பிப்புகளை மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

வித்தியாசமே வரவில்லையா?

பொருந்தும், பொருந்தாத ட்ரையல்களின் சரி சதவீதம் ஒன்றாகவே இருந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உட்காருபவர் சைகையைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு பக்கத்தையும் சமமாகப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பார். சைகை 80 சதவீதம் சரி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீலம் வந்தால் இடப்பக்கத்தையே முழுதாகக் கவனியுங்கள், சில தவறுகள் பரவாயில்லை என்று தெளிவாகக் கேளுங்கள்.

அடுத்த காரணம் உச்சவரம்பு. பொருந்தும் ட்ரையலில் 97 சதவீதம், பொருந்தாததில் 94 என்றால் படம் மிகத் தெளிவாக இருந்திருக்கிறது. பழகப் பழகப் பார்வை கூர்மையாகும் என்பதால் மூன்றாம் பிளாக்கிலேயே இப்படி ஆகலாம். கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் குறைத்து அடுத்த பிளாக்கைத் தொடங்குங்கள். ஒரு பிளாக்கின் நடுவில் மாற்றாதீர்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும் விடை மோசமானால் திரையைச் சந்தேகியுங்கள். மலிவான திரைகள் சாய்ந்து பார்த்தால் மங்கும். ஜன்னல் வெளிச்சமும் ஒரு பக்கம் விழக்கூடும்.

கணக்கு

சதவீதத்தோடு நிறுத்தாமல், இரண்டு சாய்வுகளையும் பிரித்தறியும் திறனின் அளவான டி-பிரைமைக் கணக்கிடுங்கள். ஒருவர் சந்தேகம் வந்தாலே 'இடம்' என்று அழுத்துபவராக இருக்கலாம். டி-பிரைம் அந்தச் சாய்மானத்தைக் கழித்துவிடும். இடச்சாய்வு காட்டியபோது 'இடம்' என்ற விகிதத்தின் இசட் மதிப்பிலிருந்து, வலச்சாய்வு காட்டியபோதும் 'இடம்' என்ற விகிதத்தின் இசட் மதிப்பைக் கழியுங்கள். கணக்குக்காக: பொருந்தும் ட்ரையலில் 0.88, 0.18 என்றால் 1.17 கூட்டல் 0.92, அதாவது 2.09. பொருந்தாததில் 0.70, 0.33 என்றால் 0.52 கூட்டல் 0.44, அதாவது 0.96. எக்செலில் தலைகீழ் நார்மல் சார்பு இசட் மதிப்பைத் தரும். விகிதம் 0 அல்லது 1 வந்தால் இசட் முடிவிலிக்கு ஓடிவிடும். அதனால் எல்லா எண்ணிக்கைகளிலும் 0.5, மொத்தத்தில் 1 கூட்டிவிட்டுப் பிறகு விகிதம் எடுங்கள்.

ஒருவரின் முடிவை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பொருந்தாத ட்ரையல் மொத்தம் 60தான். 70 சதவீதச் சரி என்றால் அதன் நியமப் பிழையே 6 சதவீதப் புள்ளி. 10 புள்ளி வித்தியாசம்கூடத் தற்செயலாக இருக்கலாம். பன்னிரண்டு பேரையாவது உட்காரவையுங்கள். ஒவ்வொருவரின் இரண்டு மதிப்புகளையும் இணையாக வைத்து டி-சோதனை செய்யுங்கள்.

வித்தியாசம் உறுதியாக வந்தாலும் 'எஃப்.இ.எஃப். வேலைசெய்தது நிரூபணம்' என்று எழுதினால் தேர்வாளர் சிவப்பு மையால் சுழிப்பார், அது நியாயமும்கூட. விருப்பக் கவனம் பார்வைத் திறனை மாற்றியது என்பதுதான் உங்கள் தரவு சொல்வது. முன்மடலோடு இணைக்கும் பாலம் மேலே சொன்ன மின்தூண்டல், டி.எம்.எஸ். ஆய்வுகள். அவற்றோடு 2009இல் ஜியோர்ஜியா கிரிகோரியூவும் ராபர்ட் டெசிமோனும் சக ஆய்வாளர்களும் கண்டதையும் சேர்த்துக்கொள்ளலாம்: குரங்கு கவனம் செலுத்தும்போது எஃப்.இ.எஃப்.பும் வி4உம் காமா என்ற வேகமான மூளை அலைவரிசையில் ஒத்துத் துடித்தன, செல்வாக்கு முதலில் எஃப்.இ.எஃப்.பிலிருந்தே கிளம்பியது.

முன்மடலுக்குச் சுமை ஏற்றிப் பார்த்தல்

மூளையைத் தொடாமல் முன்மடலின் பங்கை இன்னும் கொஞ்சம் நெருங்க ஒரு வழி உண்டு. நெற்றியில் 9 வோல்ட் பேட்டரி வைக்கச்சொல்லும் வீடியோக்கள் பக்கம் போகாதீர்கள்; தோல் வெந்துபோவது மிச்சம். டி.எம்.எஸ். நெறிக்குழு அனுமதியும் மருத்துவக் கண்காணிப்பும் உள்ள இடத்தின் வேலை.

நாம் ஏற்றும் சுமை எண்கள். ஆறு இலக்கங்களை 2 நொடி காட்டுங்கள், 8 ட்ரையல் நடத்துங்கள், பிறகு அந்த இலக்கங்களை வரிசையாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இலக்கங்களைத் தவறாகச் சொன்னால் அந்த எட்டு ட்ரையலையும் தள்ளிவிடுங்கள். பத்தில் எட்டு முறைக்குக் குறைவாகச் சரி சொன்னால் சுமை அதிகம், ஐந்து இலக்கமாக்குங்கள். சுமையோடு 400 ட்ரையல் ஒரு நாள், சுமையில்லாமல் 400 இன்னொரு நாள். பாதிப் பேருக்கு நாள் வரிசையை மாற்றுங்கள்.

ஒப்பிட இன்னொரு வகைச் சைகையும் வேண்டும். நிறத்துக்குப் பதில், படம் வரும் இடத்துக்கு ஒன்றரை டிகிரி மேலே ஒரு வெள்ளைப் புள்ளி 50 மில்லிநொடி மின்னி மறையட்டும். மின்னல் தொடங்கி 100 மில்லிநொடியில் கேபர்கள். இந்த மின்னல் 50 சதவீதம்தான் சரி, அதாவது நம்பிப் பயனில்லை, ஆனாலும் கவனம் ஓடிப்போகும். 150 மில்லிநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் கண் தாவ நேரமே இருக்காது. இந்தப் பகுதிக்குக் கைபேசி வீடியோ தேவையில்லை. சுமையோடு இரண்டு பிளாக், சுமையில்லாமல் இரண்டு பிளாக் போதும்.

1981இல் ஜான் ஜோனிடஸ் இலக்கங்களை நினைவில் வைக்கச்சொல்லிச் சோதித்தபோது நடுவில் வரும் சைகையின் பயன் குறைந்தது, ஓரத்தில் மின்னும் சைகையின் விளைவு அவ்வளவாகக் குறையவில்லை. உங்கள் எண்களிலும் நிறச் சைகையின் டி-பிரைம் இடைவெளி சுருங்கி, மின்னலின் இடைவெளி அப்படியே இருந்தால் ஜோனிடஸ் கண்ட அதே போக்கு. இரண்டும் ஒரே அளவு சுருங்கியிருந்தால் அவசரப்பட்டு விளக்கம் தேடாதீர்கள். வெள்ளைச் சைகை ட்ரையல்களைச் சுமையுள்ள நாளிலும் இல்லாத நாளிலும் எடுத்து வைத்துப் பாருங்கள். அவையும் விழுந்திருந்தால் சுமை, கவனத்தை மட்டுமின்றி ஆளையே களைப்பாக்கியிருக்கிறது. இலக்கங்களைக் குறைத்து, பிளாக்குகளுக்கு இடையே ஐந்து நிமிட ஓய்வு கொடுத்து, இரண்டாம் நாளை மீண்டும் நடத்துங்கள்.